நான் தட்டாத வரிகள்

இது நடந்தது. எங்கள் வீட்டில், பட்டப்பகலில், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போகவில்லை. மின்விசிறி கூட நிற்கவில்லை.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பாமல் விட்டால் எனக்கு நிம்மதி. பயந்ததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பயந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேனே... அதைச் சொல்லும்போதுதான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் வேலை காதால் கேட்டுக் கையால் தட்டுவது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் விற்கும் ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்து திட்டுவார்கள் இல்லையா, அந்தப் பேச்சுப் பதிவுகள் எனக்கு வரும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் தட்டி அனுப்ப வேண்டும். யார் யார் வீட்டு மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டு ஹாலில், இரண்டு பேர் உட்காரும் சின்ன சோபாவில் இருந்தபடியே செய்யலாம். அதனால்தான் அந்த வேலையை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் லேப்டாப் அரதப்பழசு. கணவரின் நண்பர் தூக்கிப் போட இருந்ததைக் கெஞ்சி வாங்கியது. ஆன் செய்துவிட்டுப் பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, தலையும் வாரிக்கொண்டு வந்தால், திரையில் அப்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபைல்கள் தாமதமாகப் போயின. மேற்பார்வை பார்க்கும் மேடம் போனில் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பள்ளி விடுமுறை வந்தால் அவருக்கும் விடுமுறை, வருமானத்துக்கும் விடுமுறை. புது லேப்டாப் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். முன்நெற்றி வழுக்கையும் சிரித்த முகமுமாக ஒருவர் இருந்தார்.

"புதுசு எதுக்குக்கா? பழசுக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும், அதான் இழுக்குது. அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போடுங்க. இதுல எதுவும் சுத்தாது, வெறும் சிப்பு. சத்தமே வராது. உங்க லேப்டாப் பறக்கும்."

கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தார். இருப்பதிலேயே விலை குறைந்ததைக் காட்டச் சொன்னேன். கடைசித் தட்டின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாட்டித் தரத் தனியாகக் கூலி என்றார். போனில் வீடியோ பார்த்து நானே மாட்டிக்கொள்கிறேன் என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு, சிஸ்டம் ஏற்றும் பென் டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டியது நான் மட்டுமல்ல. என் நாத்தனாரும்தான்.

கணவரின் ஒரே தங்கை. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்திருந்தாள். எங்களுக்கு ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. அவள் ஹாலில் படுப்பாள். நாங்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டி வைத்திருப்பாள். இருக்கும் இடமே தெரியாது. அப்படி இருந்தும், அவள் இருக்கிறாள் என்பது எனக்கு எந்நேரமும் தெரிந்துகொண்டே இருந்தது. குளியலறைக் கொடியில் அவளுடைய துண்டு. கண்ணாடி முன்னால் அவளுடைய சீப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொன்னதில்லை, ஆனால் பிடிக்கவில்லை.

அன்றைக்கு அவள்தான் எனக்காக வீடியோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, நான் கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தாள். அவள் இல்லாவிட்டால் அதை மறுபடி மூடியே இருக்க மாட்டேன்.

"அண்ணி, மெதுவா... அந்த முனை உடைஞ்சிடப் போகுது."

பழைய டிஸ்க்கை எடுத்தோம். புதியதை அதே இடத்தில் அழுத்தினோம். டக் என்று உட்கார்ந்தது. பென் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். அரை மணி நேரம் ஆகும் என்று வீடியோவில் சொன்னார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"கடைக்காரர் சொன்ன மாதிரி நிஜமாவே பறக்குது அண்ணி!" என்று கைதட்டினாள். நானும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளிலிருந்து வேலை மளமளவென்று ஓடியது. மேடமே பாராட்டினார். ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் விநோதமாக இருந்தது. லேப்டாப்பை அணைத்து மூடி வைத்துவிட்டுப் போவேன். திரும்ப வந்து மூடியைத் திறந்தால்... திரை ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும். எழுதும் பக்கம் திறந்திருக்கும். அதில் அந்தச் சின்னக் கோடு மினுக் மினுக்கென்று காத்திருக்கும். நான் பொத்தானையே தொட்டிருக்க மாட்டேன்.

வேகம் என்றால் இதுவல்லவா வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சத்தம். கர்ர்... டக். கர்ர்... டக். பழைய டிஸ்க் போடுமே, அதே சத்தம். பழைய டிஸ்க்கோ அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றிக் கிடந்தது.

"அண்ணி, இதுல சத்தமே வராதுன்னாங்களே?" என்று நாத்தனார் கேட்டாள்.

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். எனக்கும் கேட்டது. அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காகவே ஒத்துக்கொள்ளவில்லை.

நான்கைந்து நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"வாஷிங் மெஷின் கால் ஒண்ணு அனுப்பியிருக்கீங்களே, அதைப் படிக்கிறேன் கேளுங்க. 'தண்ணி உள்ள வருது, வெளிய போக மாட்டேங்குது. நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்திடுறாங்க. ஆள் எப்ப அனுப்புவீங்க?' நடுவுல இது என்னங்க?"

எனக்கு எதுவும் புரியவில்லை. அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை, ஆள் எப்போது அனுப்புவீர்கள். அவ்வளவுதான். நடுவில் இருந்த வரி பதிவிலேயே இல்லை. ஆனால் ஃபைலில் இருந்தது.

நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்திடுறாங்க.

அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் சமையலறையில் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் எத்தனை நாள் இங்கேயே இருப்பா?" அந்த நேரம் பார்த்து நாத்தனார் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தாள். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

வேறு யார் எழுதியிருப்பார்கள்? நான் குளிக்கப் போகும்போது, பால் வாங்கப் போகும்போது, வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதானே?

கணவரிடம் சொன்னேன். "அவ எதுக்கு அப்படிச் செய்யப் போறா? நீயே வேற எதையோ நினைச்சுக்கிட்டு தட்டியிருப்பே" என்றார். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவளை ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த போன் மூன்றாம் நாள் வந்தது. இந்த முறை ஃப்ரிட்ஜ் கால்.

"'கீழ்த்தட்டுல ஐஸ் கட்டுது. பசிக்குதுன்னு சொல்லக் கூச்சமா இருக்கு.' இதை கம்பெனிக்காரங்க படிச்சிருந்தா என் வேலையும் போயிருக்கும், தெரியுமா? இதான் கடைசி."

போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நுரை.

"உனக்கு இந்த வீட்டுல என்ன குறை வெச்சோம்?"

"என்ன அண்ணி?"

"பசிச்சா வாயைத் திறந்து சொல்லணும். என் வேலையில கை வெக்கறியா? கம்பெனிக்குப் புகார் எழுதறியா?"

"நான் எதையும் தொடல அண்ணி. சத்தியமா. ஆனா அந்த மெஷின்ல..."

"மெஷின்ல என்ன? மெஷினுக்குப் பசிக்குதா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விடவில்லை நான். அடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் என்னை நானே காப்பாற்றிக்கொள்வது போல ஆகிவிடும்.

"இந்தக் குணத்துக்குத்தான் உன் புருஷன் உன்னைத் துரத்திவிட்டானா?"

குழாய் திறந்தபடியே இருந்தது. அவள் அழவில்லை. கையைக் கழுவினாள். குழாயை மூடினாள். மீதியிருந்த இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் ஹாலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள்.

அவளுடைய தோழி ஒருத்தி தையல் கம்பெனியில் வேலை செய்தாள். அந்தத் தோழி தங்கியிருந்த மகளிர் விடுதிக்கே நாத்தனார் போய்ச் சேர்ந்தாள். கணவர்தான் வேனில் கொண்டுபோய் விட்டார். நான் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீடு காலியானது. கொடியில் என் துண்டு மட்டும் தொங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான்.

அது மறுநாள் மதியம் வரைக்கும் இருந்தது.

கணவர் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன். ஒரு பதிவை முடித்துவிட்டு, அடுப்பை அணைக்கச் சமையலறைக்குப் போனேன். போய் வர எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வந்து, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்தேன். வரிசையாகப் புகார். மூடி சரியாக மூடவில்லை. துணி கிழிந்துவிட்டது. அதற்குக் கீழே...

அவளை அனுப்பிட்டீங்க. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.

இரண்டு முறை படித்தேன். கதவைப் பார்த்தேன். தாழ் போட்டபடியே இருந்தது. படுக்கையறை, கட்டிலுக்கு அடியில், குளியலறை... எங்கும் யாருமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வரியும் அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. 'நான்' 'நான்' என்று எழுதியது அவளில்லை.

இந்த இடத்தில் நல்ல மனுஷி ஒருத்தி என்ன செய்திருப்பாள்? அந்த நிமிடமே கணவருக்குப் போன் செய்து, "உங்க தங்கச்சி செய்யல, கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பாள்.

நான் அந்த வரியை அழித்தேன். ஃபைலை அனுப்பினேன்.

சொல்லியிருந்தால் அவளிடம் போய் நிற்க வேண்டும். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட அதே வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதோடு பகல் முழுவதும் தனியாக இருக்க நான் தயாராக இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் தயாராக இல்லை.

தினமும் வரி வந்தது. தினமும் அழித்தேன். சில நாள் ஒரே வார்த்தை. 'சொல்லலையா?' ஒரு நாள் பக்கம் முழுக்க அதுவே இருந்தது. கணவர் சாப்பிடும்போது, "அவளுக்கு அந்தத் தையல் கம்பெனியிலேயே வேலை கிடைச்சிருக்கு. பொத்தான் தைக்கிற வேலை" என்றார். "நல்லதாப் போச்சு" என்றேன். குழம்பை ஊற்றினேன். கொஞ்சம் கீழே சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. மணி மூன்று இருபது. திரையின் மூலையில் பார்த்தேன், அதனால் நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் சோபாவில் விழுந்திருந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு ஃப்ரிட்ஜ் காலைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண். மெதுவான குரல். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். தட்டுவதற்கு வசதியாக இருந்தது.

கதவு சரியாக மூடவில்லை என்றாள். தட்டினேன்.

உள்ளே விளக்கு எரியவில்லை என்றாள். தட்டினேன்.

உள்ளே ஒரே இருட்டு என்றாள். தட்டினேன்.

இங்கே ரொம்ப நாளாக யாரும் வரவில்லை என்றாள். தட்டினேன்... அப்புறம்தான் விரல் நின்றது.

ஃப்ரிட்ஜுக்குள் யார் வருவார்கள்?

திரையைப் பார்த்தேன். பதிவு முடிந்து நின்றிருந்தது. எப்போதோ முடிந்திருந்தது.

குரல் நிற்கவில்லை.

கர்ர்... டக். கர்ர்... டக்.

ஹெட்போன் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். காதிலிருந்து... கழுத்துக்கு... மடிக்கு...

அதன் முனை என் மடியில் கிடந்தது.

லேப்டாப்பில் செருகவே இல்லை.

என் விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்திருந்தன. பழக்கம். காதில் விழுந்தால் கை தட்டிவிடும். திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

கொஞ்சம்...

நகர்ந்து...

உட்காரு.

இடம் பத்தல.

என் பக்கத்தில், சோபாவின் காலிப் பக்கம்... மெத்தை மெதுவாக அமுங்கியது.

எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. செருப்புக்கூடப் போடவில்லை. மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கணவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏறி இறங்கிய அக்கம்பக்கத்தார் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்றேன். கதவோ என் முதுகுக்குப் பின்னால் விரியத் திறந்து கிடந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டிலேயே, எந்த நாளில் எது என்பதை மட்டும் விட்டுவிட்டு. அவர் உள்ளே போய்ப் பார்த்தார். எல்லா அறையையும் பார்த்துவிட்டு வந்தார். பேய் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ செய்யலன்னு உனக்கு எப்போ தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவ போன மறுநாளே தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு படி கீழே போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பத்து வருஷத்தில் அவர் என்னை ஒரு முறையும் அடித்ததில்லை, திட்டியதும் அபூர்வம். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே விடுதிக்குப் போனோம். நாத்தனார் வாசல் கேட்டுக்கு வந்தாள். விரல் நுனியில் எல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணி, இளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள்.

வேனில் வரும்போது நூறு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். 'உன்னை அப்படிக் கேட்டது பாவம், என்னை மன்னிச்சிடு.' வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"டிஸ்க் கோளாறும்மா. விலை கம்மியானதை வாங்கினேன் பாரு, அது பழைய எழுத்து எதையோ கலந்து கலந்து போட்டிருக்கு. நீ செய்யல."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"சரி அண்ணி. மெஷின்தானே, விடுங்க" என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே? மெஷின்ல என்னவோன்னு?"

அவள் யோசித்தாள். "சொன்னா சிரிப்பீங்கன்னு நினைச்சேன். நான் பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கும்போது ஹால்ல நீங்க டைப் அடிக்கிற சத்தம் கேட்கும். நல்லா வேகமா. எட்டிப் பார்த்தா நீங்க பால்கனியில துணி காயப் போட்டுட்டு இருப்பீங்க. சோபாவுல யாரும் இருக்க மாட்டாங்க."

நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அதைக் கழட்டித் திருப்பிக் கொடுத்துடலாம் அண்ணி. நாளைக்கு எனக்கு மதியத்துக்கு மேலதான் வேலை. நானும் வர்றேன்" என்றாள்.

அன்றிரவு கணவர் வீட்டில் படுத்தார். நான் வேனில் படுத்தேன். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம்.

மறுநாள் காலை நானும் நாத்தனாரும் லேப்டாப்பையும் பழைய டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சிரித்த முகம் போன இடம் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்கக்கா. நீங்க வருவீங்க வருவீங்கன்னு தினமும் வாசலைப் பார்த்துட்டிருந்தேன். சத்தியமா ஏமாத்தணும்னு செய்யல. நீங்க போன அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு. உங்க போன் நம்பர் என்கிட்ட இல்ல, பில்லும் போடல. வேற கடைக்காரனா இருந்தா இல்லன்னே சாதிச்சிருப்பான், நான் அப்படி இல்ல."

"எதைச் சொல்றீங்க?"

"அதான், மாத்திக் கொடுத்ததை. திட்டத்தானே வந்தீங்க?"

எனக்கு எதுவும் புரியவில்லை. அவரே லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினார். நாங்கள் மாட்டியதை வெளியே உருவினார். இரண்டு கட்டை விரல் நகத்தையும் அதன் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். டிபன் டப்பா மூடி போல அது இரண்டாகத் திறந்தது.

உள்ளே எதுவும் இல்லை.

சிப்பு இல்லை. தகடு இல்லை. ஒரு கம்பித் துண்டுகூட இல்லை. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.

"இது ஷோ பீஸ்க்கா. கண்ணாடிக்குள்ள பார்வைக்கு அடுக்கி வைக்க அனுப்புவாங்க. அவசரத்துல இதைத் தூக்கிக் கொடுத்துட்டேன். மாட்டிப் பார்த்திருப்பீங்க, ஆன் ஆகியிருக்காது, அடுத்த நாளே சண்டைக்கு வருவீங்கன்னு நினைச்சேன். இத்தனை நாளா ஏன் வரல?"

"நான்... இதுலதான் வேலை பார்த்தேன்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். அந்த வெறுங்கூட்டை மூடி, மறுபடி லேப்டாப்பில் செருகி, பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. டிஸ்க் இல்லை என்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். டிஸ்க் இல்லை.

"இப்படித்தான்கா வரும். இதைத் தவிர வேற எதுவும் வராது."

இரண்டு வாரம். தினமும் பத்துப் பதினைந்து ஃபைல். எல்லாம் மேடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பிற்பாடு ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

என் நாத்தனார் அந்தக் காலிப் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்போ டிஸ்க் கோளாறு இல்லையா அண்ணி?"

கடைக்காரர் எதிரில், தெருவைப் பார்த்த அந்தக் கடையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் சொன்னேன். அவள் போன மறுநாளே எனக்குத் தெரியும் என்பதை. தினமும் அழித்து அழித்து அனுப்பியதை. சமையலறையில் அவள் புருஷனைச் சொல்லி நான் கேட்டதற்கு மன்னிப்பே கிடையாது என்பதை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். பழைய டிஸ்க்கை மாட்டித் தரச் சொன்னாள். லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அங்கே நின்று திரும்பினாள்.

"அந்தக் கேள்வியை நான் மறக்க மாட்டேன் அண்ணி. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"ஆனா பகல்ல அந்த வீட்டுல தனியா இருக்காதீங்க. என் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. வார்டன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற வீடு பார்க்கிற வரைக்கும் அங்க உட்கார்ந்து வேலை பாருங்க."

என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் நான் வரும்வரை நின்றாள்.

அந்த அறையில், ஜன்னலோரக் கட்டிலில் லேப்டாப்பை ஆன் செய்தேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தட்டில் சாப்பாடு வைத்து, என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.